ஏடிவியில் வேண்டாத சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மணல், மேடு பள்ளம் எல்லாம் ஏறும் நான்கு சக்கர வண்டிதான் ஏடிவி. “வண்டி டக் டக்குன்னு அடிக்குது” என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் பதில் சொல்ல முடியாது. என்ஜின் தலையில் வால்வைத் தட்டும் டேப்பெட்டும் டக் டக். ஆக்சில் ஜாயிண்டும் டக் டக். கழன்று நிற்கும் வீல் நட்டும் டக் டக்தான். சத்தத்தின் சாயலை மட்டும் வைத்துக்கொண்டு கழற்ற ஆரம்பித்தால், நல்ல பாகத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவைப்போம். சத்தம் எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே மாடல் வண்டிதான். ஆனால் தேவனாம்பட்டினம் பக்கத்து மணலில் ஓடினால் ஒரு மாதிரி கெடும், பண்ருட்டி முந்திரித் தோப்புச் செம்மண்ணில் ஓடினால் வேறு மாதிரி கெடும். கடலோரம் ஓடும் வண்டியில் சக்கர பேரிங், பிரேக், ஜாயிண்ட் கிராஸ் (ஷாஃப்ட் ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டு) ஆகியவை முதலில் சத்தம் போடும். செம்மண் தூசியில் ஓடும் வண்டியில் பெல்ட், செயின், ஏர் ஃபில்டர் வழியாகப் பிஸ்டன். வண்டி எங்கே ஓடியது என்பதே பாதி விடை.

முதலில் கழுவுங்கள், பிறகு கேளுங்கள்

மணலோடு இருக்கும் வண்டியில் காது வைத்துப் பயனில்லை. பிரேக் டிஸ்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறு கிளிஞ்சல் துண்டு மாட்டினால் போதும், பேரிங் போன மாதிரியே நறநறவென்று அரைக்கும். பைப் தண்ணீரை மெதுவாக விட்டு, சக்கரத்தின் உள்பக்கம், பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பர், ஆக்சில் பூட் (ஜாயிண்டை மூடும் ரப்பர் உறை), அடித்தகட்டின் மேற்புறம் எல்லாவற்றையும் அலசுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகத்தான் ஆகும். குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலையாவது அதில் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை பேரிங் சீல், ரேடியேட்டர் துடுப்பு, பெல்ட் பெட்டியின் காற்றுக் குழாய் ஆகியவற்றுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சீலுக்குள் மணலை நீங்களே தள்ளி வைத்ததாகிவிடும்.

காய்ந்ததும், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே, கையால் தட்டிப் பாருங்கள். முன், பின் கேரியர், பிளாஸ்டிக் மட்கார்டு, அடித்தகடு, சைலன்சரின் மேல் உள்ள வெப்பத் தகடு, பேட்டரி மூடி. லொடலொட சத்தத்தில் பெரும்பங்கு இங்கேயே முடிந்துவிடும். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தகடு அதிர்கிறது என்றால் ரப்பர் வாஷர் காய்ந்து உடைந்திருக்கும். சைலன்சர் வெப்பத் தகட்டின் போல்ட் துளை உப்பில் அரித்துப் பெரிதாகியிருந்தால் அகல வாஷர் போட்டு முடுக்கலாம். வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

வீல் நட்டை மட்டும் கையால் தட்டிப் பார்த்தால் போதாது. ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நட் கழன்ற நிலையில் கொஞ்ச தூரம் ஓடியிருந்தாலும் வீல் டிஸ்க்கில் உள்ள துளை நீள்வட்டமாகியிருக்கும். அப்படியானால் எத்தனை இறுக்கினாலும் நிற்காது. வீல் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

என்ஜினோடு வருகிறதா, சக்கரத்தோடு வருகிறதா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் கூடவே ஏறி இறங்கினால் அது என்ஜின், சைலன்சர், ஃபேன் அல்லது பெல்ட் புல்லிகள். நிற்கும்போது எதுவும் இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் அடுத்த சோதனை: என்ஜினை அணைத்து, நியூட்ரலில் இரண்டு பேர் தள்ளுங்கள். நம் ஊரில் உருட்டிவிடச் சரிவு கிடைப்பது கஷ்டம், ஆள் பலம்தான். தள்ளும்போதும் சத்தம் வந்தால் என்ஜினையும் பெல்ட்டையும் மறந்துவிடலாம். மிச்சம் இருப்பது சக்கரம், பிரேக், ஆக்சில், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) மட்டுமே.

இனி எண்ணிக்கை. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 25 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 10 விநாடியில் 14 சுற்று. சின்ன வண்டியின் 18 இஞ்ச் டயர் அதே வேகத்தில் 19 சுற்று. சத்தம் இந்தக் கணக்கோடு பொருந்தினால் சக்கரத்தோடு சுற்றும் பாகம்: டிஸ்க் கோணியிருக்கிறது, டயரில் கல் அல்லது ஆணி, வீல் நட், ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். அதைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாக அடித்தால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் மீது சந்தேகப்படுங்கள்; சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் பெரும்பாலும் அத்தனை தடவை சுற்றிவிடும். எண்ணவே முடியாமல் தொடர்ந்து ‘உர்ர்’ என்று கேட்டால் பேரிங் அல்லது பல்சக்கரம்.

என்ஜினுக்கும் இதே கணக்கு உண்டு. ஐடிலில் 1,200 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் விநாடிக்கு 20 சுற்று. ஒரு வால்வு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும், ஆக டேப்பெட் சத்தம் விநாடிக்கு 10. கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்ட் அடித்தால் 20 வரை போகும். காதால் எண்ண முடியாது. போனில் பதிவு செய்து, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.

இடத்தைப் பிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும்: முனையைப் பாகத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். சுற்றும் எதன் அருகிலும் வேண்டாம். துண்டு, லூசான சட்டை, கழுத்துச் சங்கிலி கூடாது. வண்டியை ஜாக்கியில் தூக்கினால் இரும்பு ஸ்டாண்டு நான்கு வைத்துவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும். செங்கல்லை அடுக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். இன்னொன்று: தூக்கிய நிலையில் சக்கரம் தொங்கும்போது ஆக்சில் ஜாயிண்ட் அதிகபட்சம் மடங்கி நிற்கும். அந்த நிலையில் என்ஜினைப் போட்டு ஓட்டினால் நல்ல ஜாயிண்டுகூட டிக் டிக் என்னும். அதை நம்பி ஆக்சிலை மாற்றிவிடாதீர்கள்.

ஓட்டிச் சோதிக்க உங்கள் சொந்த இடம், தோப்பு, வரப்பு ஓரம் போதும். பெரும்பாலான ஏடிவிகளுக்குச் சாலைப் பதிவு கிடையாது, ஈ.சி.ஆரில் இறக்கக் கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடற்கரை மணலிலும் வேண்டாம், பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம்.

பெல்ட் பெட்டி: கீச், டப், கருகல்

பெரிய ஏடிவிகளில் கியர்பாக்ஸுக்கு முன்னால் ஸ்கூட்டரில் இருக்கும் அதே வேரியேட்டர் அமைப்புதான்: முன் புல்லி, பின் புல்லி, நடுவில் பெல்ட். இதன் சத்தங்களை நன்றாகத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

கிளம்பும்போது ‘கீச்ச்’ என்று இழுத்து, என்ஜின் கத்துகிறது ஆனால் வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது. கெடிலம், பெண்ணையாற்றில் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி ஏறிய உடனே வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டியின் அடியில் வடிகால் திருகு இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீரை வடித்து, கியரை நியூட்ரலில் போட்டு, சில விநாடிகள் விட்டு விட்டு ஆக்சிலரேட்டரைக் கொடுங்கள். சுற்றும் புல்லியே காற்றை அடித்து உலர்த்தும். பிறகு L-ல் (மெதுவாக, பலத்தோடு இழுக்கும் கியர்) போட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள். உள்ளே போனது கடல் தண்ணீர் என்றால் இந்தச் சுருக்கு வழி உதவாது. மூடியைத் திறந்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, புல்லி முகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் இரண்டே நாளில் புல்லி முகத்தில் துரு பொரி பொரியாக ஏறும். அந்தத் துரு பெல்ட்டை அரம் போல ராவித் தள்ளும்.

கிளம்பும்போது ‘டப்… டப்… டப்’ என்று இடைவெளி விட்டு உலுக்கி, வேகம் ஏறியதும் காணாமல் போகும் சத்தம், பெல்ட்டில் ஒரே இடம் கருகி மெலிந்துவிட்டதைச் சொல்கிறது. மணலில் புதைந்த வண்டியை H-ல் (வேகமாக ஓடும் கியர்) வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது, சக்கரம் நகராது, பெல்ட் நகராது, முன் புல்லி மட்டும் சுற்றும். சில விநாடியில் அந்த ஒரு இடம் தேய்ந்து இடுப்பு ஒடுங்கிவிடும். இதற்கு மருந்து கிடையாது, புது பெல்ட்தான். மணலிலும், பாரம் இழுக்கும்போதும், 10 கி.மீ.க்குக் கீழே ஊர்ந்து போகும்போதும் L-ல் ஓட்டினால் இந்தச் செலவு வராது. ஓட்டுநருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் வருடத்துக்கு இரண்டு பெல்ட் வாங்குகிற ரிசார்ட்டுகள் இருக்கின்றன.

மூடியைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை:

பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தால் வழுக்கி வெந்திருக்கிறது. நூல் பிரிந்து தொங்கினால் புல்லி முகம் கீறியிருக்கிறது அல்லது சீர் மாறியிருக்கிறது. அகலத்தை வெர்னியரால் நான்கு இடங்களில் அளந்து, கையேட்டில் கொடுத்துள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். நான்கு அளவும் ஒன்றுபோல் இல்லை என்றாலே மாற்றலாம். பெட்டிக்குள் கறுப்புத் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு; எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்த தூள் என்றால் ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

ஐடிலில் நிற்கும்போது பெட்டிக்குள் கடகடவென்று உருளும் சத்தம், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் நின்றால், முன் புல்லியின் வெயிட் அல்லது ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அது ஓடும் புஷ்ஷும் லூசாகியிருக்கலாம். இதைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியால் தட்டி எடுக்கப் பார்த்துப் புல்லியின் விளிம்பை உடைத்தவர்களுக்கு, கிளட்சாகவும் வேலை செய்யும் அந்த முழுப் புல்லியின் விலை தெரியும்.

புது பெல்ட் போடும்போது அதில் உள்ள அம்புக்குறி சுற்றும் திசையில் இருக்கட்டும். அம்பு இல்லை என்றால், வண்டிப் பக்கத்தில் நின்று எழுத்தை நேராகப் படிக்க முடிகிற மாதிரி போடுவார்கள். பெல்ட்டிலும் புல்லியிலும் கிரீஸ் கை படக் கூடாது. முதல் 50 கி.மீ.க்குப் பாரமும் முழு ஆக்சிலரேட்டரும் வேண்டாம்.

பார்க்கிலிருந்து அல்லது நியூட்ரலிலிருந்து கியருக்குப் போகும்போது ‘கர்ர்ரக்’ என்று பல் கடித்தால் உடனே கியர்பாக்ஸைப் பழி சொல்லாதீர்கள். ஐடில் அதிகமாக வைத்திருந்தால் முன் புல்லி பெல்ட்டைப் பாதி கவ்விக்கொண்டே நிற்கும்; கியர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போது பல் எப்படிச் சேரும்? ஐடிலைக் கையேட்டு அளவுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். பாதி வண்டிகளில் அதோடு சரி.

சக்கரம்: உர்ர், கொரகொர, டொக்

வேகத்தோடு சேர்ந்து உயரும் ‘உர்ர்’ சத்தம் பெரும்பாலும் சக்கர பேரிங். மணல் டயரின் பெரிய பட்டன்கள் கெட்டித் தரையில் ஓடும்போதும் இதே மாதிரி இரையும். வித்தியாசம் காண ஒரு வழி: ஓடும்போது வண்டியை மெதுவாக இடதும் வலதுமாக வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங். டயர் இரைச்சல் இப்படிப் பக்கம் மாறாது.

பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் சுற்றிவிட்டு மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கொரகொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். பிரேக் பேட் உரசும் சத்தம் காதுக்குக் கேட்கும், ஸ்பிரிங்கில் தெரியாது. இதைப் பழகிவிட்டால் ஸ்டெதஸ்கோப்பே தேவைப்படாது.

அடுத்தது ஆட்டம். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரத்தை சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு). எது என்று தெரிய, இன்னொருவரை பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது ஏ-ஆர்ம் எனும் அந்த சஸ்பென்ஷன் கையின் புஷ். இப்போது டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசையுங்கள். இங்கு மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு, அதாவது ஹேண்டிலிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை. பள்ளத்தில் இறங்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ என்று கேட்பது இந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். நின்ற இடத்தில் உட்கார்ந்து எழும்போது கீச் கீச் என்றால் புஷ் வறண்டிருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதிய நிறம் தெரியும்வரை அடியுங்கள். படகு என்ஜின் சாமான் விற்கும் கடையில் கேட்டால் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் கிடைக்கும். நம் கரையில் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி.

பேரிங் மாற்றுவதில் மூன்று இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, எண்ணைப் பார்க்காமல் ‘அந்த வண்டி பேரிங்’ என்று கேட்பது. சீலின் மேல் எண் இருக்கும். உதாரணமாக 6205-2RS: கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளை, அதாவது 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, கனம் 15. 2RS என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். கடலோரத்துக்கு இரு பக்க ரப்பர் சீல் இல்லாததை வாங்காதீர்கள். 6005-க்கும் உள்துளை 25தான், ஆனால் வெளிவிட்டம் 47, கனம் 12. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், உட்காராது. இரண்டு, உள்வளையத்தைத் தட்டி உள்ளே இறக்குவது. அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் குழி விழும், முதல் நாளே ‘உர்ர்’ தொடங்கும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்து அழுத்த வேண்டும். முந்தின இரவு பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, கூட்டை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கினால் பாதி தூரம் தானாக இறங்கும். மூன்று, பழைய ஆயில் சீலையே திரும்பப் போடுவது. பேரிங் கெட்டதே அந்தச் சீல் வழியாக வந்த உப்புத் தண்ணீரால்தான்.

திரும்பும்போது மட்டும்

ஹேண்டிலை முழுக்க வளைத்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயிண்ட். கீழே படுத்து பூட்டின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கிழிசல் மடிப்புக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். டயரின் உள்சுவரில் கிரீஸ் தெறித்த கோடு இருந்தால் பார்க்கக்கூட வேண்டியதில்லை. சத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, பூட் மட்டும் கிழிந்திருக்கிறது என்றால் பிழைத்தீர்கள்: ஜாயிண்டைப் பிரித்து, பழைய கிரீஸைக் கெரசினில் முழுக்கக் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் நிரப்பி, புது பூட்டும் புது கிளாம்ப்பும் போடலாம். பூட் கிட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட் முழுவதும் அந்த ஒரு ஜாயிண்டுக்குத்தான். டிக் டிக் தொடங்கிய பிறகு கிரீஸ் அடிப்பது வீண். குண்டு ஓடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. ஜாயிண்டையோ முழு ஆக்சிலையோ மாற்ற வேண்டும்.

நேராகக் கிளம்பும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் ஒரு ‘டங்’ அடிப்பது ஜாயிண்ட் கிராஸ். மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போலக் கீச்சிட்டால் கிராஸின் ஊசி ரோலர்கள் காய்ந்திருக்கின்றன. திறந்தால் ரோலருக்குப் பதில் செந்நிறத் தூள்தான் கொட்டும். நியூட்ரலில் வைத்து ஷாஃப்டைக் கையால் முறுக்கி, மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். சிறிது ஆடினாலும் கிராஸை மாற்றுங்கள். கழற்றும்போது நான்கு சர்க்ளிப்பும் வந்துவிட்டனவா என்று எண்ணிவிட்டு பிரஸ்ஸில் வையுங்கள், ஒன்று மாட்டியிருந்தாலும் கிராஸைப் பிடித்திருக்கும் யோக்கின் காது உடையும். லேத் பட்டறையில் பிரஸ் இருக்கும்.

பிரேக்

பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் ‘கிரீச்’ பெரும்பாலும் மணல், ஈரம் அல்லது பளபளத்துப் போன பேட். அலசியும் நிற்கவில்லை என்றால் பேட்டைக் கழற்றுங்கள். உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றவும். மணலில் ஓடும் வண்டியில் பேட் எத்தனை மாதம் வரும் என்று கேட்பதில் அர்த்தமில்லை, ஒரு வார இறுதியிலேயே பாதி போய்விடும் இடங்களும் உண்டு. இரும்போடு இரும்பு உரசி நறநறக்கும் வண்டியை ஓட்டாதீர்கள். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும்; அதற்குக் கீழே போனதைக் கடைந்து பயன்படுத்தக் கூடாது.

உள்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்க பேட் புதிதாகவே இருந்தால் கேலிப்பர் நகரும் பின் துருவில் பிடித்துக்கொண்டது. பின்னை எடுத்து நைலான் தேய்ப்பானால் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

செயின் வண்டிகள்

110, 125 சிசி சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே நீள ஆக்சில், செயின் டிரைவ். சளசளவென்று அடிப்பது லூசான செயின். கீழ்ப்பக்கம் நடுவில் தூக்கி அழுத்தினால் மொத்தம் 25 மி.மீ. அளவுக்கு ஆட வேண்டும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொங்கினால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை. இறுகும் இடத்துக்கு அட்ஜஸ்ட் செய்து தற்காலிகமாக ஓட்டலாம், அவ்வளவுதான். 428 செயினில் ஒரு பின்னிலிருந்து 21-வது பின் வரை புதிதில் 254 மி.மீ. இருக்கும். இறுக்கிப் பிடித்து அளந்தால் 259-ஐத் தொடுகிறதா, மாற்றுங்கள், ஸ்ப்ராக்கெட் இரண்டோடும் சேர்த்து. பல் கொக்கி போல வளைந்திருக்கும் ஸ்ப்ராக்கெட்டில் புது செயினைப் போடுவது காசைக் கடலில் போடுவது.

பின் ஆக்சில் கூட்டில் இரண்டு பேரிங் இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் தெரிந்தால் இரண்டையும் மாற்றுங்கள். இந்தக் கூடு உப்புத் தண்ணீரில் முங்குவது வழக்கம் என்பதால், செயின் சத்தம் என்று நினைத்தது பல வண்டிகளில் இந்த பேரிங்தான்.

என்ஜின்

முதல் வேலை ஆயில் மட்டம். 110 சிசி வகையில் கொள்ளளவே சுமார் 0.8 முதல் 0.9 லிட்டர்தான், 200 மில்லி குறைந்தாலும் மேலே டேப்பெட் கத்தும். கிளட்ச் ஆயிலுக்குள் நனையும் என்ஜின் என்பதால் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று அச்சிட்ட பைக் ஆயிலே ஊற்றுங்கள். கார் ஆயில் வேண்டாம்.

லேசான, சீரான டிக் டிக் என்ஜின் தலையிலிருந்து வந்தால் டேப்பெட். என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, பிஸ்டன் மேல் நுனியில் இருப்பதைக் காட்டும் ஃப்ளைவீலின் T குறியைக் கூட்டின் வெட்டுக்கு நேராக வைத்து, இரண்டு ராக்கரும் ஆடும் நிலையில் ஃபீலர் கேஜ் விடுங்கள். கிடைமட்டமாகப் படுத்திருக்கும் 110 என்ஜின்களில் இரண்டுக்கும் 0.05 மி.மீ. பொது. பெரிய வண்டிக்குக் கையேட்டைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் இறுக்கிவிடுவது ஆபத்து: சூட்டில் வால்வு சரியாக மூடாமல் கருகும். கொஞ்சம் டிக் டிக் இருப்பதே நல்லது.

டேப்பெட் என்று நினைத்து ஏமாற்றுவது சைலன்சர் கேஸ்கெட் கசிவு. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ பலமாகக் கேட்டுச் சூடானதும் குறைந்தால் இதைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கையுறையோடு ஈரத்துணியால் சைலன்சர் வாயை ஓரிரு விநாடி அடைத்தால் கசியும் இடம் புஸ் புஸ் என்று காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் தலையருகே கரி படிந்த கோடும் சாட்சி. ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிப்பதற்கும் இதுவே பல வண்டிகளில் காரணம்.

ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி உரசும் சரசரப்பு, முக்கியமாக ஆக்சிலரேட்டரை விடும்போது, டைமிங் செயின். டென்ஷனரைப் பார்க்க வேண்டும். குளிரில் மட்டும் மொத்தையாகத் தட்டிச் சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானம். செம்மண் தூசியில் ஏர் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓடிய வண்டியில் இது சாதாரணம். உடனே நிறுத்த வேண்டியதில்லை, ஆயில் குடிக்கிறதா என்று கவனியுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியது கனமான ‘டொக் டொக்’: பாரம் கொடுக்கும்போது கூடும், சூடானாலும் போகாது, என்ஜினின் அடியில் காது வைத்தால் கேட்கும். அதுதான் கனெக்டிங் ராடின் பிக் எண்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பிஸ்டன் மேல் நிறுத்துங்கள். ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் சிறிது அசையுங்கள். ஃப்ளைவீல் நகர்ந்தும் குழாய் அசையாமல் நிற்கும் இடைவெளி ஒன்று ‘டக்’கென்று கையில் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பிஸ்டன் மேல் நுனியில் இருக்கும்போது இயல்பாகவே அசைவு குறைவு, ஆகவே பாதி வழியிலும் பாருங்கள். உறுதியானால் குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டே பட்டறை சேர்ந்துவிடலாம் என்று நினைத்தால் ராட் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும், அப்புறம் கிராங்க் செலவோடு என்ஜின் கூடும் சேரும்.

மிச்சம் சில

செல்ப் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ மட்டும்: பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கும், வெந்நீரில் கழுவி வாசலின் தடவுங்கள். முழு சார்ஜ் பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றலாம். ‘ஙொய்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி என்ஜின் சுற்றவில்லை என்றால் உள்ளே உள்ள ஒருவழி கிளட்ச்.

சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி முனகுவது பெட்ரோல் பம்ப். நான்கு சக்கர டிரைவ் பட்டனைப் போட்டதும் முன்பக்கம் ஒரு ‘கிளக்’, அணைத்த பிறகு சைலன்சர் ஆறும் ‘டிணிங் டிணிங்’, திடீரென்று ரேடியேட்டர் ஃபேன் ஓடுவது எல்லாம் இயல்பு. ஃபேன் இறக்கை எதையாவது சுரண்டினால் மட்டும் பாருங்கள்.

டிஃபரன்ஷியல் ஊளையிட்டால் வடிகால் திருகைத் திறங்கள். ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர். திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகக்கண்ணில் குத்தும் அளவுக்குத் துண்டு வந்தால் பல் உடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆக்சில் முங்கும் தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு, சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், அந்த வாரத்திலேயே முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்து மாற்றி, காற்றுக் குழாயின் நுனி சேற்றில் அடைபட்டிருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.